சூட்டில் மயங்கும் செல்ஃப்

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்களில் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குச் 'செல்ஃப்' என்றுதான் பேர். 'செல்ஃப் எடுக்கலை', 'செல்ஃப் போயிடுச்சு' என்று மெக்கானிக்குகள் நாள்தோறும் புழங்கும் இந்தச் சொல், 'செல்ஃப் ஸ்டார்ட்டர்' என்ற பழைய பெயரின் முன்பாதி. கைப்பிடியைச் செருகி மூச்சிரைக்கச் சுற்றி எஞ்சினைக் கிளப்பிய காலத்தில், அந்த வேலையைத் தானே செய்துவிடும் கருவிக்கு அமெரிக்கர்கள் இட்ட பெயர் அது. அதைக் காருக்குக் கொண்டுவந்த சார்லஸ் கெட்டரிங், அதற்கு முன் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில் மின்சாரக் கல்லாப்பெட்டியை உருவாக்கியவர். கல்லாப்பெட்டியின் மோட்டார் நாள் முழுவதும் ஓடுவதில்லை. ஒரு நொடி முழு பலத்தோடு இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். அப்படி விட்டுவிட்டு உழைக்கிற மோட்டாரிடம் அளவுக்கு மீறி வேலை வாங்கலாம், ஆகவே அதைச் சிறிதாகவே செய்துகொள்ளலாம் என்பது அவர் கண்ட சூட்சுமம். 1912ஆம் ஆண்டு மாடல் கேடிலாக் கார்கள் அவருடைய செல்ஃபோடு விற்பனைக்கு வந்தன. நூறாண்டு கடந்தும் அந்தச் சூட்சுமம் மாறவில்லை. இன்றைய செல்ஃபும் மூச்சைப் பிடித்துக்கொண்டு சில நொடி பாரம் தூக்கும் ஆள்தான். பத்துப் பதினைந்து நொடிக்கு மேல் விடாமல் சுற்றாதே, சுற்றினால் இரண்டு நிமிடமாவது ஆறவிடு என்று சொல்வது அதனால்தான். தன் உடம்புச் சூட்டுக்கே ஓய்வு கேட்கும் இந்தக் கருவியை, காரிலேயே அதிகம் கொதிக்கும் குழாய்க்குப் பக்கத்தில் குடிவைத்தால் என்ன ஆகும்?

இந்தக் கேள்வியோடு நெடுங்காலமாக மல்லுக்கட்டி வருபவர்கள், அமெரிக்காவில் எட்டு சிலிண்டர் கொண்ட பழைய வி8 கார்களை ஆசையாக வைத்து ஓட்டுபவர்கள். அவர்களிடையே இந்த நோய்க்கு ஒரே மாதிரியான அடையாளம் உண்டு. காலையில் சாவியைத் திருப்பினால் எஞ்சின் உடனே கிளம்பும். இரண்டு மணி நேர நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகு பெட்ரோல் போட நிறுத்தி, பத்து நிமிடம் கழித்துச் சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஓர் ஒலி மட்டும் வரும், அல்லது அதுகூட வராது. ஒரு மணி நேரம் காத்திருந்தால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி கிளம்பும். ஓட்டுநர் வீட்டுக்கு வந்து செல்ஃபைப் புதிதாக மாற்றுவார். சில வாரங்களில் புதியதும் அதே இடத்தில் அதே மாதிரி மயங்கும். இதில் அடிபட்டவனையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றும் தவறு நடக்கிறது. சூட்டில் முடங்கும் செல்ஃபுகளில் பல நல்ல செல்ஃபுகளே. அவற்றை முடக்குபவை இரண்டு: பக்கத்துக் குழாயின் வெப்பம் ஒன்று, பழைய ஒயர்களில் கசிந்துபோகும் மின்னழுத்தம் மற்றொன்று. இவற்றில் ஒன்றை மட்டும் கவனித்து மற்றதை விட்டால் நோய் தீராது.

முதலில் இடத்தைப் பார்க்க வேண்டும். செல்ஃபின் சிறு பற்சக்கரம், எஞ்சினின் பின்முனையில் உள்ள ஃபிளைவீலின் பற்களைப் பிடித்துச் சுற்றியாக வேண்டும். எனவே செல்ஃப் அந்தப் பின்முனையை விட்டு நகர முடியாது. எஞ்சினிலிருந்து வரும் சூடான புகையும் கீழே இறங்கிப் பின்பக்கம் போயாக வேண்டும். இரண்டு வழிகளும் சந்திக்கும் மூலையில்தான் செல்ஃபுக்கு வீடு. செவர்லே நிறுவனம் 1955இல் அறிமுகப்படுத்திய 'ஸ்மால் பிளாக்' வி8 எஞ்சின் இதற்குப் பேர்போன எடுத்துக்காட்டு. 265 கன அங்குலக் கொள்ளளவோடு, அதாவது சுமார் 4.3 லிட்டரோடு தொடங்கிய அந்தக் குடும்பம் பல பத்தாண்டுகள் உற்பத்தியில் இருந்தது. அதில் செல்ஃப் வலப்பக்க அடியில் தொங்கும். அதன் முதுகிலேயே சோலனாய்டு என்னும் மின்காந்த ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். ஃபோர்டு கார்களில் வெகுகாலம் அந்த ஸ்விட்ச் வேலையைச் செய்த உறுப்பு செல்ஃபை விட்டு விலகி, மட்கார்டின் உட்பக்கம் காற்றோட்டமாக மாட்டப்பட்டிருந்தது. இந்த ஒரு வேறுபாடுதான் பின்னால் பெரிய கதையாக ஆனது.

தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்த எஞ்சினில் புகையைத் திரட்டும் உறுப்பு வார்ப்பிரும்பால் ஆன மேனிஃபோல்டு. அது தடித்தது, எஞ்சினை ஒட்டி அடக்கமாக இருப்பது. வேகத்தில் ஆசை உள்ளவர்கள் அதைக் கழற்றிவிட்டு 'ஹெடர்' மாட்டுவார்கள். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியாக நீண்ட எஃகுக் குழாய் வைத்து, அவற்றை அடியில் ஒன்றாகச் சேர்ப்பதுதான் ஹெடர். ஒரு சிலிண்டரின் புகை வெளியேறும் வேகம் அடுத்ததன் புகையை இழுத்துக்கொண்டு போவதால் எஞ்சினுக்குச் சற்றுக் கூடுதல் பலம் கிடைக்கிறது. இதற்கான விலையைச் செல்ஃப் கொடுக்கிறது. குழாயின் சுவர் ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கே இருப்பதால் உள்ளே ஓடும் புகையின் சூடு வெளிப்பரப்புக்கு எளிதில் வந்துவிடும். ஒரு பக்கத்துக்கு நான்கு குழாய்கள் என்பதால் சூட்டை வெளியே விடும் பரப்பும் அதிகம். போதாக்குறைக்கு, கீழே இறங்கும் வழியில் ஒரு குழாய் சோலனாய்டுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் வளைந்து போவது நீளமான ஹெடர்களில் சகஜம்.

அந்த விரல்கடை இடைவெளியில் நடப்பதைக் கொஞ்சம் கணக்கோடு பார்க்கலாம். நன்றாகப் பளுவிழுத்து ஓடும்போது ஹெடர் குழாயின் வெளிச்சுவர் 500 டிகிரி செல்சியஸைத் தொடலாம். அத்தனை சூடான, துருப்படிந்த எஃகுப் பரப்பு ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 16 கிலோவாட் வீதம் வெப்பத்தைக் கதிராக வீசும். மே மாத உச்சி வெயில் தரையில் விழுவது சதுர மீட்டருக்கு ஒரு கிலோவாட் அளவுதான். அதாவது பதினாறு சூரியன்கள் ஒரு விரல்கடை தூரத்தில் நிற்பது போன்ற நிலை. கதிர்வீச்சுக்கு இன்னொரு கொடுமையான குணமும் உண்டு. வெப்பநிலை ஏறஏற அது தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கில் கூடும். குழாய் 300 டிகிரியிலிருந்து 500 டிகிரிக்கு ஏறினால், வீசும் வெப்பம் மூன்று மடங்குக்கு மேல் ஆகிவிடும். வார்ப்பிரும்பிலிருந்து ஹெடருக்கு மாறுபவர் சில குதிரைத்திறனைத்தான் கூட்டிக்கொண்டதாக நினைக்கிறார். செல்ஃபின் பார்வையில் அவர் ஊரையே மாற்றிவிட்டார்.

அப்படியானால் வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே செல்ஃப் கெட்டுவிட வேண்டாமா, நிறுத்திய பிறகு ஏன் என்ற கேள்வி எழும். ஓடும்போது அடிப்பக்கம் முழுக்கக் காற்று வீசுகிறது. ரேடியேட்டர் ஃபேன் ஊதுகிறது, தண்ணீரும் எண்ணெயும் எஞ்சினின் சூட்டை அள்ளிக்கொண்டு போகின்றன. சாவியைத் திருப்பி அணைத்த கணத்தில் இவை எல்லாம் ஒரேயடியாக நிற்கின்றன. ஆனால் அடுப்பை அணைத்தாலும் தோசைக்கல் சுடுவதுபோல, எஞ்சினின் இரும்பும் குழாய்களும் தேக்கி வைத்த சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். எஞ்சினோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்ட செல்ஃபுக்குள் அது இரும்பு வழியாகவும் ஏறும், கதிராகவும் பாயும், அசையாமல் நிற்கும் சூடான காற்று வழியாகவும் இறங்கும். அதனால் செல்ஃபின் வெப்பநிலை வண்டி நின்ற பிறகுதான் உச்சத்துக்குப் போகிறது. பத்து இருபது நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுப் பிறகு மெல்ல இறங்குகிறது. பெட்ரோல் பங்கில் நின்று டீ குடித்துவிட்டு வருவதற்கு ஆகும் நேரமும் அதேதான். உடனே திரும்பக் கிளப்பினால் கிளம்பும், ஒரு மணி நேரம் கழித்தாலும் கிளம்பும், நடுவில் மட்டும் கிளம்பாது என்ற விந்தைக்கு விளக்கம் இவ்வளவுதான்.

இனி சோலனாய்டுக்குள் போவோம். உள்ளே தாமிரக் கம்பிச் சுருள்கள் இரண்டு. ஒன்று நிறைய மின்சாரம் எடுத்து இரும்புத் தண்டை வெடுக்கென்று இழுக்கும் சுருள். மற்றது இழுத்ததைப் பிடித்து வைத்திருக்கும் சுருள். தண்டு உள்ளே போகும்போது ஒருமுனையில் பற்சக்கரத்தை ஃபிளைவீலோடு கோர்க்கும், மறுமுனையில் தடித்த தாமிரத் தொடுமுனைகளை இணைத்து பேட்டரியின் முழு மின்சாரத்தையும் மோட்டாருக்குத் திறந்துவிடும். தண்டு நகரவில்லை என்றால் எதுவுமே நடக்காது. தாமிரம் சூடேறினால் மின்சாரத்துக்குத் தடை கூடும். 20 டிகிரியில் இருந்த சுருள் 120 டிகிரிக்குப் போனால் தடை ஏறத்தாழ 39 விழுக்காடு உயர்கிறது. அதே பேட்டரியிலிருந்து அதில் ஓடும் மின்னோட்டம் 72 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. காந்தம் இழுக்கும் விசையோ தோராயமாக மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆக, இழுவிசை பாதியாகிவிடுகிறது. வெப்பம் மட்டும் செய்யும் வேலை இது. பாதி விசையோடும் ஒரு நல்ல சோலனாய்டு பெரும்பாலும் தண்டை இழுத்துவிடும், ஏனென்றால் கொஞ்சம் மிச்சம் வைத்துத்தான் அதைச் செய்திருப்பார்கள்.

அந்த மிச்சத்தைத் தின்பது ஒயரிங். பழைய செவர்லேயில் சோலனாய்டை இழுக்கும் மின்சாரம் பேட்டரியிலிருந்து நேராக வருவதில்லை. அது எஞ்சின் அறையிலிருந்து தடுப்புச்சுவர் இணைப்பைக் கடந்து ஓட்டுநர் இருக்கும் பக்கம் போகும். சாவி ஸ்விட்சுக்குள் நுழைந்து வெளியேறும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டியானால், கியர் நியூட்ரலிலோ பார்க்கிங்கிலோ இருப்பதை உறுதிசெய்யும் இன்னொரு ஸ்விட்சைக் கடக்கும். மறுபடி தடுப்புச்சுவர் வழியாகத் திரும்பி, ஊதா நிற ஒயரில் இறங்கி, அதே ஹெடர் பக்கமாகவே வந்து சோலனாய்டைச் சேரும். ஐம்பது ஆண்டு பழைய வண்டியில் இந்த வழியிலுள்ள ஒவ்வொரு இணைப்பும் பச்சைக் களிம்பேறிக் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட்டைத் தின்னும். 12 வோல்ட் புறப்பட்டு 9 வோல்ட் மட்டுமே வந்து சேர்ந்தால், அதனால் மட்டும் இழுவிசை 56 விழுக்காட்டுக்குக் குறைகிறது. இதையும் தனியாக அந்த சோலனாய்டு சமாளித்துவிடும். காலையில் வண்டி கிளம்புவது இதற்குச் சாட்சி. ஆனால் சூடும் வோல்ட் இழப்பும் ஒன்றுசேரும்போது கூட்டல் நடப்பதில்லை, பெருக்கல் நடக்கிறது. பாதியில் பாதி கால். மேலே சொன்ன எண்களைப் பெருக்கினால் மிஞ்சுவது 29 விழுக்காடு விசை. தண்டு முழுதாக உள்ளே போகாமல் நின்றுவிடுகிறது, 'டிக்' என்ற ஒலி மட்டும் கேட்கிறது. இரும்பின் காந்தக் குணங்களைச் சேர்த்துக்கொண்டால் எண்கள் சற்று மாறும், ஆனால் கணக்கின் போக்கு மாறாது. புதிய செல்ஃப் வாங்கிப் போடுபவர் இந்த இரண்டு பாதிகளில் எதையும் தொடுவதில்லை. புதுச் சுருளும் அதே சூட்டில் அதே ஒயரின் முனையில்தான் தொங்கப் போகிறது.

ஆகவே காசைச் செலவழிக்கும் முன் ஒரு மல்டிமீட்டரோடு பதினைந்து நிமிடம் செலவழிப்பது நல்லது. முதலில் நோயைச் சரியாகப் பிரித்தறிய வேண்டும். எஞ்சின் வேகமாகச் சுற்றியும் பற்றவில்லை என்றால் செல்ஃப் மேல் பழியில்லை; சூட்டில் பெட்ரோல் ஆவியாகி நிற்பது போன்ற வேறு கோளாறுகளைத் தேட வேண்டும். தயங்கித் தயங்கி, பின்னால் உதைப்பதுபோலச் சுற்றினால் இக்னிஷன் டைமிங் அளவுக்கு மீறி முன்தள்ளப்பட்டிருக்கலாம். வேகத்துக்காக எஞ்சினைத் திருத்தியவர்களுக்கு இது அடிக்கடி நேரும். குளிர்ந்த நிலையிலும் ஸ்பேனரால் தட்டினால்தான் எடுக்கிறது என்றால் கார்பன் பிரஷ்ஷோ தொடுமுனையோ தேய்ந்திருக்கும். அப்போது செல்ஃபைக் கழற்றுவதே நியாயம். சூட்டில் மட்டும் 'டிக்' என்று நின்றால், நிற்கும் அந்த நேரத்திலேயே அளக்க வேண்டும். சாவியைத் திருப்பிப் பிடித்திருக்கும்போது ஊதா ஒயர் சேரும் டெர்மினலில் எத்தனை வோல்ட் இருக்கிறது, பேட்டரியில் எத்தனை இருக்கிறது என்று ஒப்பிட்டால் கசிவு தெரிந்துவிடும். பிறகு எஞ்சின் சுற்றும்போது பேட்டரி பாசிட்டிவுக்கும் செல்ஃபின் பெரிய டெர்மினலுக்கும் நடுவே ஓர் அளவு, பேட்டரி நெகட்டிவுக்கும் எஞ்சின் இரும்புக்கும் நடுவே இன்னோர் அளவு. மோட்டார் நூற்றுக்கணக்கான ஆம்பியர் இழுக்கும் இடம் இது. இங்கே அரை வோல்ட்டுக்கு மேல் காணாமல் போனால் கேபிளையோ எர்த்தையோ சரிசெய்யாமல் வேறு எதையும் வாங்கக்கூடாது.

அடுத்தது வெப்பம். இங்கே மிகவும் மலிவான மருந்தே மிகவும் நல்ல மருந்தாக இருப்பது அபூர்வ அதிர்ஷ்டம். குழாய்க்கும் செல்ஃபுக்கும் நடுவில், இரண்டையும் தொடாமல் நிற்கும் ஒரு பளபளப்பான தகடு. அதன் பலத்தை வெப்பவியல் பாடப்புத்தகக் கணக்கிலேயே பார்க்கலாம். எதிரெதிரே நிற்கும் இரண்டு கருநிறப் பரப்புகளுக்கு நடுவே இன்னொரு கருந்தகட்டை நிறுத்தினாலே கடக்கும் கதிர்வெப்பம் பாதியாகும். அந்தத் தகடு பத்தில் ஒரு பங்கு வெப்பத்தை மட்டும் ஏற்று மிச்சத்தைத் திருப்பிவிடும் பளபளப்போடு இருந்தால், கடந்துபோவது இருபதில் ஒரு பங்குதான். நிஜ வண்டியில் ஓரங்கள் வழியாகவும் சூடான காற்று வழியாகவும் கொஞ்சம் நுழையும் என்பதால் இத்தனை கச்சிதம் கிடைக்காது, ஆனாலும் பலன் பெரிது. தகட்டின் ரகசியம் உலோகத்தில் பாதி, இடைவெளியில் பாதி. இரண்டு பக்கமும் காற்று இருந்தால்தான், தான் ஏற்ற சூட்டை அது காற்றில் விட்டுத் தணியும். செல்ஃபின் மேலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் தகடு சூட்டைக் கடத்தும் பாலமாகிவிடும். ஆகவே செல்ஃபிலிருந்து ஒரு சென்டிமீட்டராவது விலகி நிற்கும்படி சிறு தாங்கிகளில் மாட்ட வேண்டும். அலுமினியம் 660 டிகிரியில் உருகும் என்பதால், குழாய்க்கு மிக அருகில் வைப்பதானால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாதுகாப்பு. தகட்டில் எண்ணெயும் புழுதியும் படிந்தால் பளபளப்பு போய்ப் பலனும் குறையும், அதனால் ஆயில் மாற்றும்போது ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

கடைகளில் இதற்குப் போட்டியாகக் கிடைப்பது செல்ஃபைச் சுற்றிப் போர்த்தும் வெள்ளி நிற வெப்பப் போர்வை. வெளியிலிருந்து வரும் சூட்டைத் தடுப்பது உள்ளேயிருக்கும் சூட்டையும் வெளியே விடாதே என்ற ஆட்சேபம் இதன்மேல் சரியாகவே வைக்கப்படுகிறது. மரத்தூளில் புதைத்த ஐஸ் கட்டி உருகாமல் இருப்பதும், கம்பளி போர்த்திய உடம்பு குளிராமல் இருப்பதும் ஒரே தத்துவம்தான்; காப்புப் பொருளுக்குத் திசை தெரியாது. எஞ்சினின் இரும்பு வழியாக ஏறிவிட்ட சூட்டைப் போர்வை பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது உண்மை. ஆனால் போர்வை சூட்டை நிறுத்தாவிட்டாலும் தாமதப்படுத்துகிறது. பிரச்சினை தரும் காலம் பத்து இருபது நிமிடங்கள்தான் என்று முன்பே பார்த்தோம். உச்சம் வருவதைப் போர்வை அந்த நேரத்துக்கு அப்பால் தள்ளிவிட்டால், பெட்ரோல் போடும் இடைவேளை தப்பித்துவிடும். தகடு மாட்ட இடமே இல்லாத நெருக்கத்தில் போர்வை இரண்டாவது நல்ல வழி. இடம் இருந்தால் தகடே முதல் வழி.

சூட்டின் மூலத்தையே ஏன் மூடக்கூடாது என்பது அடுத்த கேள்வி. ஹெடர் குழாய்களைக் கண்ணாடி இழை நாடாவால் சுற்றுவது அமெரிக்காவில் பரவலான பழக்கம். அது கதிர்வீச்சைக் கணிசமாகக் குறைக்கவும் செய்கிறது. சிக்கல் குழாய்க்குத்தான். வெளியே போக முடியாத சூடு எஃகிலேயே தங்குவதால் குழாயின் உலோகம் முன்னைவிடக் கொதிக்கும். மழையிலும் கழுவும்போதும் நாடா குடித்த ஈரம் எஃகை ஒட்டியே இருந்து துருவைக் கிளப்பும். சாதாரண எஃகில் செய்த ஹெடர்கள் நாடாவுக்குள்ளேயே அரித்தும் வெடித்தும் போவதால், நாடா சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று பல ஹெடர் தயாரிப்பாளர்கள் அறிவித்துவிடுகிறார்கள். செராமிக் பூச்சுக்கு இந்தக் குறை இல்லை, அழகும் கெடாது. ஆனால் குழாய்களைக் கழற்றிப் பூச்சுக்கு அனுப்பியாக வேண்டும், செலவும் அதிகம். புதிதாக ஹெடர் வாங்குபவர் பூசியதாகவே வாங்குவது புத்திசாலித்தனம். ஏற்கெனவே மாட்டியவருக்குத் தகடு போதும். ஒரு செல்ஃபைக் காக்க நான்கு குழாய்களைக் காவு கொடுப்பது கணக்குக்கு ஒத்துவராது.

மின்சாரப் பக்கத்துக்கு அமெரிக்க ஆர்வலர்கள் கண்ட வைத்தியம் வேடிக்கையானது. போட்டி நிறுவனமான ஃபோர்டின் தனி சோலனாய்டை வாங்கிச் செவர்லேயில் மாட்டுவார்கள். காற்றோட்டமான மட்கார்டு ஓரத்தில் அது இருக்கும். சாவியிலிருந்து வரும் சோர்ந்த மின்சாரம் அதை மட்டும் இழுத்தால் போதும். பிறகு பேட்டரியின் முழு வோல்ட்டும் தடித்த கேபிள் வழியாகச் செல்ஃபுக்குப் பாயும். நோக்கம் சரிதான், ஆனால் ஒரு பொறி உண்டு. செல்ஃபின் மேல் உள்ள பெரிய டெர்மினலையும் சிறிய டெர்மினலையும் ஒரு துண்டுக் கம்பியால் சேர்த்துவிடும் அந்த முறையில், நிலைக்காந்தம் கொண்ட நவீன செல்ஃப் இருந்தால் சாவியை விட்ட பிறகும் சுழலும் மோட்டாரே ஜெனரேட்டராகி, சோலனாய்டைச் சற்று நேரம் விடாமல் பிடித்து வைக்கும். பற்கள் கரகரவென்று உரசும். அதே பலனை இந்தத் தொல்லை இல்லாமல் ஒரு சிறிய 30 அல்லது 40 ஆம்பியர் ரிலே தந்துவிடும். ஊதா ஒயர் ரிலேயை இயக்கட்டும். பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வைத்த புதிய ஒயர் ரிலே வழியாக சோலனாய்டின் சிறிய டெர்மினலுக்குப் போகட்டும். ரிலே எப்படி வெப்பத்தைத் தடுக்கும் என்று கேட்டால், தடுக்காது என்பதுதான் பதில். இழந்த மூன்று வோல்ட்டைத் திருப்பிக் கொடுத்து, சூட்டைத் தாங்கும் மிச்ச பலத்தை அது சோலனாய்டுக்கு மீட்டுத் தருகிறது. தகடு ஒரு பாதியை மீட்கிறது, ரிலே மறுபாதியை மீட்கிறது.

இத்தனை வம்பு எதற்கு, ஒரு நவீன கியர் செல்ஃபை வாங்கிப் போட்டால் முடிந்துவிடுமே என்பதுதான் எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. அதில் பெருமளவு உண்மை இருக்கிறது. சிறிய மோட்டாரை வேகமாகச் சுழலவிட்டு, உள்ளேயே பற்சக்கரம் வைத்து வேகத்தைக் குறைத்து விசையைக் கூட்டும் இந்த முறையை கிரைஸ்லர் நிறுவனம் 1960களிலேயே தன் கார்களில் கொண்டுவந்தது. இன்றைய கியர் செல்ஃப் உருவத்தில் சிறியது. பல மாடல்களில் அதன் உடலைத் திருப்பி, குழாயை விட்டு விலகும் கோணத்தில் பூட்டவும் முடியும். கதிர்வெப்பத்திலிருந்து தள்ளி நிற்பதைவிடச் சிறந்த காப்பு இல்லை என்பதால், பழைய செல்ஃப் உண்மையிலேயே தேய்ந்திருந்தால் இதற்கு மாறுவது நியாயமான முடிவு. ஆனால் இதுவும் வெப்பத்துக்கு விதிவிலக்கு அல்ல. நிலைக்காந்த வகைகளில் உள்ள ஃபெரைட் காந்தம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.2 விழுக்காடு பலம் இழக்கும். நூறு டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு போகும், ஆறினால்தான் திரும்பும். சுருளின் கம்பி அங்கேயும் தாமிரம்தான், களிம்பேறிய ஊதா ஒயரும் அதேதான். தகடும் சரியான ஒயரிங்கும் இல்லாத கியர் செல்ஃப் நோயைத் தீர்க்காமல் சில காலம் மறைத்து வைக்கக்கூடும்.

வண்டி கிளம்பாத எரிச்சலோடு மட்டும் வெப்பத்தின் கணக்கு முடிவதில்லை. சுருளின் மேல் பூசிய வார்னிஷ் காப்பு, பத்து டிகிரி கூடும் ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ பாதி ஆயுளை இழக்கும் என்பது மின்பொறியாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் விதி. கிரீஸ் காய்ந்து பற்சக்கரம் ஒட்டும், சோலனாய்டின் பிளாஸ்டிக் மூடி நொறுங்கும். எல்லாவற்றிலும் ஆபத்தானது கேபிள். பேட்டரியிலிருந்து செல்ஃபுக்கு வரும் தடித்த கேபிளில் பொதுவாக ஃபியூஸ் கிடையாது. அதன் ரப்பர் உறை குழாயில் பட்டு உருகிவிட்டால், பேட்டரியின் முழு மின்சாரமும் வெறும் இரும்பில் பாயும். அது தீயில் போய் முடியும். எனவே கேபிளைக் குழாயை விட்டு விலக்கிக் கவ்விகளால் பிடித்து, வெப்பம் தாங்கும் உறை போடுவது தகடு மாட்டுவதற்கும் முன்னால் செய்ய வேண்டிய வேலை. அந்தப் பக்கம் கை வைக்கும் முன் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றுவதும் கட்டாயம்.

தொழிற்சாலையிலிருந்து வந்த கோடிக்கணக்கான கார்கள் இந்தச் சடங்குகள் இல்லாமல்தானே ஓடின என்று கடைசியாக ஒருவர் கேட்கலாம். ஓடின, ஆனால் சும்மா ஓடவில்லை. தடித்த வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு, புதிய ஒயர்கள், தேவைப்பட்ட மாடல்களில் செல்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு தகட்டுக் கவசம் என்று மூன்று காவல்கள் இருந்தன. ஹெடர் மாட்டியவர் முதல் காவலை நீக்கினார், காலம் இரண்டாவதை அரித்தது. மூன்றாவது, ஏதோ ஒரு பழுதுபார்ப்பில் கழற்றப்பட்டு, கடகடவென்று சத்தம் போடுகிறதென்றோ போல்ட் துருப்பிடித்ததென்றோ மூலையில் எறியப்பட்டது. இந்த மூன்றாவது காரியம் அமெரிக்க வி8 கார்களுக்கு மட்டும் உரியதல்ல. நம் தெருவில் நிற்கும் சின்னக் கார்களிலும் புகைக்குழாயைச் சுற்றி, செல்ஃபையும் ஒயர்களையும் காக்க மெல்லிய தகடுகள் உண்டு. பார்வைக்குத் தகரத் துண்டு, விலையும் அற்பம், வேலையோ பெரிது. அடுத்தமுறை ஒர்க்‌ஷாப்பிலிருந்து வண்டியை எடுக்கும்போது கணக்குச் சீட்டைப் பார்ப்பதோடு ஒரு கேள்வியும் கேளுங்கள்: கழற்றிய தகட்டைத் திரும்ப மாட்டினீர்களா?